சீனியின் ஆறு துப்பாக்கி

கான்ஸ்டபிள் மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது வெள்ளைத்தாய் குட்டி ஈன்ற ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், சித்திரை பிறந்து ஒரு வாரம். பசுவந்தனைக்குத் தெற்கே கரிசல் காடு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வீட்டு ஆடுகள் நாற்பதும் வேறொருவர் புஞ்சையில் எருவுக்காகக் கிடை கிடந்தன. பகலெல்லாம் அவற்றை மேய்க்க வேண்டியவன் அவள் புருஷன் சீனி. அவனோ செண்பகராஜ் டீக்கடை பெஞ்சில் இருந்தான்.

"சீனி அண்ணாச்சி வீடு இதானம்மா?"

"இதான். என்ன விசயம்?"

"தேர்தல் வருதுல்லா. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆறையும் கொண்டாந்துருங்க."

"எந்த ஆறை?"

"துப்பாக்கியத்தாம்மா. ஆறு துப்பாக்கியையும்."

வெள்ளைத்தாய் குழையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. தகரப் பெட்டிக்குள், அவளுடைய கூறைச் சேலைக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் இருந்தது. சேலையில் எண்ணெய்க் கறை ஏறியதற்கு அவள் சீனியோடு போட்ட சண்டைகளை எண்ண முடியாது. இதில் மற்ற ஐந்தும் எங்கிருந்து முளைத்தன?

"எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு, தம்பி."

"எனக்கு என்ன தெரியும், லிஸ்ட்ல ஆறுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் மொபெட்டை உதைத்தான்.

அந்தத் துப்பாக்கி சீனியின் தாத்தாவுக்கு வந்தது. ஒரு பெரிய அரண்மனை வீட்டில் அவர் ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடு நொடித்துப்போனபோது கணக்குப்பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் சமையல்காரருக்கு ஒரு அண்டாவும் கிடைத்தன. பட்டிக்காரருக்கு இது. தாத்தா பேரில் இருந்த லைசென்ஸ் அப்பா பேருக்கு மாறி, பிறகு சீனி பேருக்கு வந்தது. தேர்தல் வந்தால் அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முடிந்ததும் ரசீதைத் திருப்பிக் கொடுத்து வாங்கி வருவான். பழைய ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு அவனையும் தெரியும், துப்பாக்கியையும் தெரியும். போன வருடம் ஊரை வேறொரு ஸ்டேஷன் எல்லையில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் இருவரும் துப்பாக்கியை ஒயர் கூடையில் வைத்து, மேலே முருங்கைக் கீரையைப் போட்டு மூடிக்கொண்டு மினிபஸ் ஏறினார்கள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவர் ஏட்டு ராஜமணி. பெரிய பதிவேடு ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெள்ளைத்தாய் கீரையை விலக்கித் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது ஒரு சாண் நீளம்கூட இல்லை. தேங்காய்த் துருவியின் கட்டைபோலக் கனத்த பிடி. அதற்கு முன்னால் உருண்டையாக ஒரு இரும்புத் தூண், அதன் முகத்தில் வட்டமாக ஆறு ஓட்டை.

"பாக்கி அஞ்சு எங்கம்மா?"

"இது ஒண்ணுதான்யா இருக்கு."

"கைத்துப்பாக்கி ஆறுன்னு போட்டிருக்கு. இங்கன பாரு."

"ஓட்டை ஆறு இருக்குல்லா. அதத்தான் எழுதியிருப்பாவ."

ராஜமணி துப்பாக்கியை எடுத்து ஓட்டைகளை உற்றுப் பார்த்தார். "இடியாப்ப உழக்கு மாதிரில்லா இருக்கு" என்றார். விசையில் விரலைக் கொடுத்து இழுத்தார். அது அசையவில்லை. தூணைப் பிடித்துத் திருகினார். அதுவும் அசையவில்லை. "துப்பாக்கின்னு எழுதியிருக்கு, நீ ஒரு இரும்புத் துண்டக் கொண்டாந்து ஓட்டைய எண்ணச் சொல்லுதியே, தாயி."

"லைசென்ஸ் புஸ்தகத்தைப் பாருங்கய்யா."

லைசென்ஸ் புத்தகத்தில் யாரோ ஒரு காலத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். பிஸ்டல் என்று ஒரு வார்த்தை. பக்கத்தில் ஆறு என்ற எண். அதற்குப் பக்கத்தில் பி, பி, எல் என்று மூன்று எழுத்து. ராஜமணி அந்த மூன்று எழுத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"இது ஏதோ கம்பெனி பேரு. பி.பி.எல். கம்பெனி பிஸ்டல், ஆறு. ஸ்டேஷன் எல்லை மாத்துனப்ப இதப் பாத்துத்தான் புது ரிஜிஸ்தர்ல எழுதியிருக்காவ. தப்பொண்ணும் இல்லியே."

 வெள்ளைத்தாய் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் சீனி சுவரில் சாய்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி நின்றான். பெரிய ரகசியம் ஒன்றைக் காக்கிறவன் முகத்தில் இருக்கும் சிரிப்பு. அவளுக்கு அதை அங்கேயே அறைந்து எடுக்க வேண்டும் போலிருந்தது.

"நீங்க சொல்லுங்களேன்! உங்க துப்பாக்கிதான இது!"

"நான் என்னத்தச் சொல்ல? அவிய ரிஜிஸ்தர்ல இருக்கதச் சொல்லுதாவ."

உள்ளே இருந்து சப்-இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். தேர்தல் பந்தோபஸ்து வேலையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. ராஜமணி சொன்னதைக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வெள்ளைத்தாய் தாங்கியிருப்பாள்.

"தேர்தல் நேரத்துல அஞ்சு பிஸ்டல் காணும்னா நான் மேல என்னன்னு எழுத? மூணு நாள் தாரேன். அஞ்சையும் கொண்டாங்க. இல்ல, இது ஒண்ணுதான்னா அத நிரூபிச்சுக் காட்டுங்க. துப்பாக்கி தெரிஞ்ச ஆளு ஹெட்குவார்ட்டர்ஸ்ல இருக்காரு, அவரு தேர்தல் முடிஞ்சுதான் வருவாரு."

"அப்ப இத இங்கன வச்சுக்கிடுங்கய்யா."

"எப்படிம்மா வச்சுக்கிட? ஒண்ணுன்னு ரசீது குடுத்தா ரிஜிஸ்தருக்கு ஒத்து வராது. ஆறுன்னு குடுத்தா நான்லா மாட்டிக்கிடுவேன்" என்றார் ராஜமணி.

"நாங்க பஸ்ல கொண்டு போம்போது வேற யாரும் பிடிச்சா?"

ராஜமணி பதிவேட்டை மூடி வைத்தார். வெள்ளைத்தாய் கீரையை மறுபடியும் மேலே பரப்பினாள். கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு அவள் வெயிலில் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் எல்லாவற்றையும் விட மோசம். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று சொன்னாள்.

"ஏ மதினி, போலீசு டீக்கடைல வந்து விசாரிச்சாவளாம். சீனி அண்ணன்கிட்ட எத்தன துப்பாக்கி இருக்குன்னு. எல்லாரும் ஆறு இருக்குன்னு சொல்லிட்டாவளாம்."

"எல்லாருமா?"

"செண்பகராஜ் அண்ணாச்சி, மில்ட்ரிக்காரரு, இன்னும் அஞ்சாறு பேரு. எழுதிக்கூட வாங்கிட்டுப் போயிருக்காவ."

"நம்ம வீட்டுக்காரரு அங்கனதான இருந்தாரு?"

பாண்டியம்மாள் குடத்தை இடுப்பு மாற்றினாள். "இருந்தாராம். ஒண்ணுஞ் சொல்லலியாம். சிரிச்சாராம்."

சீனிக்கு அப்படி ஒரு வாய். தாத்தா கிடை காத்த ராத்திரியில் ஆறு திருடர்கள் வந்ததும், அவர் ஒரே ஒரு தடவை விசையை இழுத்ததும், ஆறு குண்டும் விசிறிபோல விரிந்து போனதும், ஆறு பேரும் ஆறு திசையில் விழுந்ததும் அந்த ஊருக்கே மனப்பாடம். போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அந்த மில்ட்ரிக்காரர் தன்னிடம் இரட்டைக் குழல் இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். சீனி தாங்குவானா? "ரெண்டு குழல் என்னத்துக்கு ஆவும்? நாங்க ஆறு துப்பாக்கில்லா வச்சிருக்கோம்" என்று அவிழ்த்துவிட்டான். அது அன்றோடு போயிருக்க வேண்டும். யார் கேட்டாலும் அவன் அதை இல்லையென்று சொல்லாததால் நிலைத்துவிட்டது.

அன்று இரவு அவள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போயி, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துருங்க."

சீனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அது ஏலாது."

"ஏன் ஏலாது?"

"ஊருக்குள்ள நான் நடமாட வேண்டாமா?"

"ஜெயிலுக்குப் போனா நடமாடுவீங்களா?"

"ஜெயிலுக்குப் போனா, ஆறு துப்பாக்கி வச்சிருந்தான்னுதான் போவேன். பொய் சொன்னான்னு போவ மாட்டேன்லா."

வெள்ளைத்தாய் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். அந்த மனுஷனோடு பேசுவதைவிட வெளியே கட்டியிருந்த கிடாவோடு பேசலாம். அது தலையையாவது ஆட்டும்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவனையும் இழுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். அவளுடைய சித்தப்பா மகன் மந்திரமூர்த்தி எட்டயபுரம் ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மிஷின் உதிரிகள் கடைந்து கொடுப்பது அவன் தொழில். அக்கா கூடையிலிருந்து கீரையை விலக்கியதும் அவன் ஓடிப்போய்ப் பட்டறைக் கதவைப் பாதி சாத்தினான்.

"என்னக்கா, இதப் போயி இங்கன கொண்டாந்திருக்க? ஒரு பாகம் செஞ்சு குடுத்தேன்னாலும் என்னத் தூக்கி உள்ள வச்சிருவாவ."

"ஒண்ணும் செய்ய வேண்டாம், தம்பி. இது ஒண்ணா ஆறான்னு மட்டும் சொல்லு. நான் செத்துருவேன் போலருக்கு."

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டியபோது மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பி.பி.எல்.னா பேரல்க்கா. எண்ணெய் டிரம்முக்கு பில்லு போடும்போது இப்படித்தான் போடுவான். துப்பாக்கிக் குழலுக்கும் பேரல்னுதான் பேரு. ஆறு குழல் பிஸ்டல்னு எழுதியிருக்கு."

"அத அந்த ஏட்டுக்குச் சொல்ல யாருமில்லையே!"

"சொன்னா மட்டும் போதுமா? இது சுத்தணும். சுத்துனாத்தான் ஒண்ணுன்னு காட்ட முடியும். சும்மா தொடச்சு விடுதேன், வேறொண்ணும் செய்ய மாட்டேன்."

முதலில் ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு குழலிலும் விட்டுப் பார்த்தான். ஆறிலும் குச்சி ஒரே ஆழத்துக்குப் போனது. "உள்ள குண்டு ஏதுமில்ல" என்று சொன்ன பிறகுதான் மற்றதில் கை வைத்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத் தகட்டின் திருகாணியைக் கழற்றினான். உள்ளே பழைய எண்ணெய் கறுத்து, வேப்பம்பிசின்போல இறுகிக் கிடந்தது. துணியும் குச்சியும் வைத்து அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே பேசினான்.

"இங்க பாருங்க அத்தான். இது ஆறு குழாயச் சேத்துப் பத்த வச்சதில்ல. ஒரே இரும்புக் கட்டை. அதுல ஆறு துளை போட்டிருக்கான். நடுவுல ஒரு அச்சு. அந்த அச்சுல இது முழுசா சுத்தும்."

சீனி எட்டிப் பார்த்தான்.

"ஒவ்வொரு குழலுக்கும் பின்னால ஒரு குமிழ் இருக்கு பாருங்க. அதுல ஊசி நுழையுத ஓட்டை. முன்பக்கமா மருந்தப் போட்டு, குண்டத் தள்ளி இடிச்சுட்டு, இந்தக் குமிழ் மேல ஒரு செப்புத் தொப்பிய மாட்டணும். நம்ம பொட்டு வெடி மாதிரிதான், அதுல கொஞ்சம் மருந்து இருக்கும். மேல இந்தப் பட்டைச் சுத்தியல் வந்து அடிச்சா தொப்பி பொறி விடும், பொறி ஓட்டை வழியா உள்ள போயி மருந்தப் பத்த வைக்கும்."

"சரி, ஆறையும் ஒரே சமயத்துல எப்படி அடிக்கும்?"

"எங்க அடிக்கும்? சுத்தியல் ஒண்ணுதான இருக்கு? உச்சில எந்தக் குழல் நிக்குதோ அத மட்டும்தான் அடிக்கும்."

சீனி சுத்தியலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

மந்திரமூர்த்தி எல்லாவற்றையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, விசையை மெதுவாக இழுத்தான். இறுகிப்போயிருந்த இரும்பு முனகியது. பிறகு நகர்ந்தது. விசை பின்னால் வர வர, மேலே சுத்தியல் தலை தூக்கியது. அதே நேரத்தில் உள்ளே ஒரு சின்னக் கொக்கி எழும்பி, தூணின் பின்புறத்துப் பல் ஒன்றில் மாட்டி அதைத் தள்ளியது. ஆறு குழலும் சேர்ந்து ஒரு பங்கு சுற்றின. அடுத்த குழல் சரியாக உச்சிக்கு வந்ததும் அடியிலிருந்து ஒரு முளை எழும்பிப் பள்ளத்தில் பொருந்தி, தூணை அசையவிடாமல் பிடித்தது. அதற்கும் மேல் ஒரு நூல் அளவு இழுத்ததும் சுத்தியல் வழுக்கிப் படாரென்று விழுந்தது. குமிழ் நசுங்கிவிடாமல் இருக்க அவன் இடையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொடுத்திருந்தான்.

"ஒரே இழுப்புல மூணு வேல. தூக்குது, சுத்துது, பூட்டுது. பெறவு தானா விட்டுருது. விசைய விட்டா கொக்கி கீழ எறங்கி அடுத்த பல்லப் பிடிச்சுக்கிடும். சைக்கிள் ஃப்ரீவீலு மாதிரி, ஒரு பக்கந்தான் போவும்" என்றான். "ஆனா இத வச்சு ஒருத்தரையும் குறி பாத்துச் சுட முடியாது அத்தான். சுத்தியல் கண்ணுக்கு முன்னாலல்லா எந்திரிச்சு நிக்குது. விசையும் இம்புட்டுக் கனம். இழுக்கதுக்குள்ள கை ஆடிரும்."

பிறகு டார்ச் அடித்துக் குழல்களுக்குள் பார்த்தான். குமிழ்களைப் பார்த்தான். சுத்தியலின் முகத்தை விரலால் தடவினான்.

"இன்னொண்ணு. இது ஒரு தடவகூட வெடிச்சதில்ல. மருந்து பட்டா துளைக்குள்ள அரிச்சிருக்கும். தொப்பியில அடிச்சிருந்தா சுத்தியல் முகத்துல தழும்பு இருக்கும். ஒண்ணுமே இல்ல. கடைஞ்சு எடுத்தது எடுத்தபடி இருக்கு."

 வெள்ளைத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்த ஆறு திருடர்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. ஒருநாள் யாராவது அவன் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போது சொல்லியாகிவிட்டது. அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

 சீனி ஸ்டூலை இழுத்து மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான்.

"அந்தக் கொக்கி பல்ல எப்படிப் பிடிக்குதுன்னு இன்னொரு தடவ காட்டும், மாப்ள."

மந்திரமூர்த்தி காட்டினான். இன்னொரு தடவை. பிறகு சீனியே இழுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி மந்திரமூர்த்தியின் பெண்டாட்டி ஆள் அனுப்பினாள். சீனி எழுந்திருக்கவில்லை. மூன்று மணி பஸ் போனது. வீட்டில் குட்டி ஈன்ற ஆடு கத்திக்கொண்டிருக்கும் என்று வெள்ளைத்தாய் நாலு தடவை சொன்னாள். "இரு, இந்த முளை எப்ப எந்திரிக்குதுன்னு பாத்துட்டு வாரேன்" என்றான் அவன். பக்கத் தகட்டை மூடுவதற்குள் ஐந்து மணி பஸ்ஸும் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஸ்டேஷன். வாக்குச்சாவடி வேலை பிரிக்கிற நாள் என்பதால் வராந்தா முழுக்கக் காக்கிச் சட்டை. வெள்ளைத்தாய் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு முதலில் பி.பி.எல். விவரத்தைச் சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "ஆமா, அப்படியும் இருக்கலாம்" என்றார்.

ராஜமணி விடவில்லை. "இருக்கலாம்தான் சார். ஆனா எட்டுச் சாட்சி இருக்கே. ஆறு துப்பாக்கி இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காவ."

"யோவ், நீரு சொல்லும்" என்று சப்-இன்ஸ்பெக்டர் சீனியிடம் திரும்பினார். "ஒண்ணா, ஆறா?"

வெள்ளைத்தாய் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தால் இவனை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சீனி சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்தான். துப்பாக்கியின் ஆறு குழலிலும் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டான்.

"ஏட்டய்யா, உங்க கையில வெரலு எத்தன?"

"அஞ்சு."

"ரிஜிஸ்தர்ல அஞ்சு கையின்னு எழுதுவீயளா?"

வராந்தாவிலிருந்து யாரோ சிரித்தார்கள். சீனி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சைக்கிள் டியூப்பை இடையில் கொடுத்து, "இப்ப உச்சில ஒண்ணு நிக்குதா? பாத்துக்கிடுங்க" என்று விசையை இழுத்தான். தூண் சுற்றியது. பூட்டு விழுந்தது. சுத்தியல் இறங்கியது. "ரெண்டு. இன்னொருக்க. மூணு." ஒவ்வொரு இழுப்பையும் நிறுத்தி நிறுத்தி, கொக்கி எங்கே இருக்கிறது, பல் எத்தனை, முளை எப்போது எழும்புகிறது என்று சொன்னான். குறி பார்க்க முடியாததைச் சொன்னான். மருந்து அதிகமானால் பொறி தெறித்துப் பக்கத்துக் குழல்களும் சேர்ந்து வெடித்து, சுடுகிறவன் கையே போய்விடும் என்று மந்திரமூர்த்தி சொன்னதையும் சொன்னான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியும். அந்தத் தொண்டையும் நிறுத்தமும் கைவீச்சும் அப்படியே இருந்தன. ஆனால் முதல் தடவையாக, சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். ராஜமணியே நாற்காலியை விட்டு எழுந்து, விசையைத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"கடைசியா எப்பய்யா சுட்டாவ?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

சீனி துப்பாக்கியை மேஜையில் வைத்தான்.

"சுட்டதே இல்லங்கய்யா. எங்க தாத்தாவும் சுடல. நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆறு துப்பாக்கின்னு சொன்னதும் நான்தான். சாட்சி சொன்னவியளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதத்தான் சொல்லியிருக்காவ."

"எழுதிக் குடுப்பீரா?"

"குடுக்கேன்."

எழுதிக் கொடுத்தான். "நான் ஊரில் சொல்லிவந்தது பொய்" என்ற வரியை எழுதும்போது மட்டும் பேனாவை இரண்டு தடவை உதறினான். மை வராததால் அல்ல என்பது வெள்ளைத்தாய்க்குத் தெரியும். அவள் சுவரில் ஒட்டியிருந்த தேடப்படுவோர் படத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜமணி புத்தக மொழியில், ஆறு குழல் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்று என்று ரசீது எழுதினார். வேலை முடிந்தது. போகலாம். ஆனால் உள்ளே வந்த புதிய கான்ஸ்டபிள் ஒருவர், "அண்ணாச்சி, அந்தப் பூட்டு எப்படி விழுதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். சீனி திரும்பவும் மேஜைப் பக்கம் போனான்.

"ஏங்க, பஸ்ஸு!"

"அஞ்சு நிமிசம்ட்டி."

அது முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி மினிபஸ் போன தூசி அடங்கிய பிறகு அவர்கள் வெளியே வந்தார்கள். மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் அவன், "அந்த ஏட்டு இழுத்தாருல்லா, அப்ப பாத்தியா..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடிட்டு நடங்க" என்றாள் வெள்ளைத்தாய்.

அவன் மூடிக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள்.

"ஊருக்குள்ள என்ன சொல்லுவீங்க?"

"என்னத்தச் சொல்ல. அவிய எப்படியும் கேள்விப்பட்டிருப்பாவ. நாளைக்கு நானே கிடைக்குப் போறேன். டீக்கடைக்கு நாலு நாள் கழிச்சுப் போயிக்கிடுதேன்."

நாலு நாள் பத்து நாளாயிற்று. மில்ட்ரிக்காரர் கிடை பக்கமாகவே வந்து, "என்ன சீனி, ஆறும் பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெள்ளைத்தாய் அங்கேதான் இருந்தாள். தொரட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் பத்து அடி போனாள். அவர் வேகமாக நடந்துவிட்டார்.

தேர்தல் முடிந்தது. ஹெட்குவார்ட்டர்ஸ் ஆள் வந்து துப்பாக்கியை ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று எழுதிக் கொடுத்தார் என்று தகவல் வந்தது. வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அன்று காலை சீனி சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"நீயும் வா. லைசென்ஸையும் துப்பாக்கியையும் சேத்து அவியகிட்டயே ஒப்படைச்சிருவோம். இனிமே வேண்டாம்."

வெள்ளைத்தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாத்தான் சொல்லுதீங்களா?"

"நெசமாத்தான். எப்படிச் சுத்துதுன்னு பாத்தாச்சு. இனி அது பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போவுது? ஒவ்வொரு தேர்தலுக்கும் உன்னால அலைய முடியுமா?"

"முப்பது வருசமா இது தோணலியாக்கும்" என்றாள் அவள். ஆனால் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ராஜமணி ஒரு படிவத்தை எடுத்து, பெயர், ஊர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் கேட்டு எழுதினார். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"திருப்பிக் குடுக்கதுக்குக் காரணம்னு கேட்டிருக்கு. என்ன எழுத?"

சீனி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஆடு மேய்க்க ஆளில்லன்னு எழுதுங்க" என்றாள் வெள்ளைத்தாய்.

ராஜமணி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தேவை இல்லை' என்று எழுதினார். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார்.

"ஏட்டய்யா, நில்லுங்க. அத எழுத்துலயும் எழுதுங்க."

"எண் போட்டாச்சேம்மா."

"எழுத்துலயும் எழுதுங்க. பெறவு கோடு போட்டு மூடுங்க."

அவர் எழுதினார். அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒன்று என்ற வார்த்தையை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு சீனியிடம் பேனாவைக் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னாள். பதினொன்றே முக்கால் மினிபஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதைப் பிடித்துவிட்டார்கள்.